ஜிசெல் மெப்ஸில் வேலை பார்க்கிறாள்

எங்கள் வீட்டுக்குச் ‘சோவியத் நாடு’ தமிழ்ப் பத்திரிகை வந்துகொண்டிருந்த காலத்தில், பீர்க்கன்கரணையில் இருந்துகொண்டு பாலே நடனத்தின் மேல் ஆசைப்பட அது ஒன்றுதான் வழி. அப்பாவுக்குத் தாம்பரம் மின்ரயில் பணிமனையில் வேலை. தொழிற்சங்கத் தோழர் ஒருவர் சந்தா சேர்க்க வருவார். பணம் கட்டினால் பத்திரிகையோடு வருஷக் காலண்டரும் உண்டு. தாள் வழவழவென்று கனமாக இருக்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எங்கள் தெருப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கெல்லாம் அந்தத் தாளில்தான் அட்டை போடுவோம். டிராக்டர், அணைக்கட்டு, விண்வெளி வீரர் படங்களைத் தம்பிகள் எடுத்துக்கொள்வார்கள். நடனப் பக்கங்கள் எனக்கு. என் கணக்கு நோட்டின் முன்னட்டையில் வருஷம் முழுக்க மாயா பிளிசெட்ஸ்கயா நின்றார். முதுகு நம் பக்கம். இரண்டு கைகளும் தோளிலிருந்து விரல்நுனி வரை அலையாக விரிந்திருந்தன. பாதம் இரண்டும் நுனியில்.

அழகு மட்டும்தான் என்னை அந்தப் படத்தில் கட்டிப்போட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த உடம்பில் பாரமே இல்லை. 1970களின் கடைசியில் எங்கள் ஊரில் பாரம் சுமக்காத பெண் உடம்பை நான் பார்த்தது கிடையாது. அம்மா தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடம் தூக்கினாள். ஏரிக்கரையில் புல் அறுத்த பெண்கள் தலையில் கட்டோடு ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து போனார்கள். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல்குவாரிகளில் வேலை செய்தவர்கள் சாயங்காலம் குதிகால் வெடிப்பெல்லாம் வெள்ளைத் தூசியாகத் திரும்பினார்கள். இத்தனை பேருக்கு நடுவில் ஒரு பெண் கால்விரல் நுனியில் நிற்கிறாள், கீழே விழவில்லை, வலிப்பதாகவும் முகத்தில் தெரியவில்லை என்றால், அப்படியொரு உலகம் எங்கேயாவது இருக்கத்தான் வேண்டும் என்று பதின்மூன்று வயதில் நான் முழு மனதாக நம்பினேன்.

கஸ்தூரி ரங்கன் சாலையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில் படம் போடுகிறார்கள் என்று தெரிந்து அப்பா கூட்டிப்போனார். தாம்பரத்தில் மீட்டர்கேஜ் ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். 1955இல் வந்த ‘ரோமியோ ஜூலியட்’ பாலே படம். லவ்ரோவ்ஸ்கியின் நடன அமைப்பு, புரோக்கோஃபியெவின் இசை. ஜூலியட்டாக கலீனா உலானவா. நாற்பதைத் தாண்டிய வயதில் பதினான்கு வயதுப் பெண்ணாக ஆடினார் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று பார்த்தபோது பதினான்கு என்றுதான் நம்பினேன். பாதிரியாரிடம் உதவி கேட்க மேலங்கி பறக்க அவர் ஓடும் இடம் ஒன்று உண்டு. ஓட்டம்தான், வேறு எந்த வித்தையும் கிடையாது. அந்த ஓட்டத்தை நான் எங்கள் ஏரிக்கரை ஈரமண்ணில் எத்தனையோ தடவை ஓடிப் பார்த்தேன்.

அந்தச் சோவியத் நாடு 1991இல் இல்லாமல் போனது. ஆகஸ்ட் 19ஆம் தேதி மாஸ்கோவில் ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சி நடந்தபோது, ஊருக்கு விஷயத்தைச் சொல்லாமல் அந்நாட்டுத் தொலைக்காட்சி ‘அன்ன ஏரி’ பாலேயைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. அதைச் செய்தித்தாளில் படித்த அப்பா வெகுநேரம் பேசவே இல்லை. எனக்கும் அந்த ஆட்டம் அதன் பிறகு பழைய மாதிரி இல்லை. அரங்கம் முழுக்க வெள்ளை உடையில் பெண்கள் ஒரே ஒழுங்கில் நகர்வதைப் பார்க்கும்போது, இந்த ஒழுங்குக்குப் பின்னால் எதை மறைக்கிறார்கள் என்று மனசு தேடத் தொடங்கிவிட்டது.

பாலேக்கும் சென்னைக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அடையாற்றிலிருந்து தொடங்கும். ருக்மிணி தேவி 1928இல் பம்பாயில் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் இருவருக்கும் நட்பு ஏற்பட்டது. பாவ்லோவா தன் குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவிக்கு பாலே கற்றுத்தரச் சொன்னார்; உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்றும் சொன்னார். அந்தத் தேடல் 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையில் சதிர் மேடையேறுவதிலும், 1936இல் கலாக்ஷேத்திராவிலும் போய் முடிந்தது. பாவ்லோவாவோடு 1923இல் லண்டனில் ‘ராதா கிருஷ்ணா’ ஆடிய உதயசங்கர், இருபத்தைந்து வருஷம் கழித்து வெளிவந்த தன் ‘கல்பனா’ படத்தை எடுத்தது நம்முடைய ஜெமினி ஸ்டுடியோவில். பாலே இங்கே வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்தது, ஆளை மாற்றியது, தன் சுவடு தெரியாமல் ஒதுங்கிக்கொண்டது.

எனக்குக் கண் திறந்துவிட்டவர் பாலே ஆடாத ஒருவர்: சந்திரலேகா. 1952இல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமை வறட்சி நிவாரணத்துக்காக நடந்தது. யமுனையின் நீர்விளையாட்டை அபிநயித்துக்கொண்டிருந்தபோதே, தண்ணீருக்காகப் பாத்திரத்தோடு நிற்கும் பெண்கள் நினைவுக்கு வந்து உறைந்துபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. 1985இல் ‘அங்கிகா’, 1991இல் ‘ஸ்ரீ’. ‘ஸ்ரீ’யில் முதுகு வளைந்த பெண்கள், தலை நிமிராமல், மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்வார்கள். தலையில் சுமை எதுவும் இருக்காது. சுமை அந்த முதுகெலும்பிலேயே இருக்கும். எங்கள் ஊர்ப் புல்லுக்கட்டுப் பெண்களை முதன்முதலாக நான் மேடையில் பார்த்தது அதில்தான்.

பிறகு ‘ஷரீரா’. 2001இல் அவர் உருவாக்கியது, அவருடைய கடைசிப் படைப்பு. எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய ஸ்பேசஸ் வளாகத்தில் பார்த்தேன். குந்தேச்சா சகோதரர்களின் துருபத் பாட்டு. ஆடியவர்கள் திஷானி தோஷி, களரி பயின்ற ஷாஜி ஜான். தரையில் கிடந்த பெண் காலை உயர்த்தத் தொடங்கினார். பாலேயாக இருந்தால் அந்தக் கால் கண் இமைக்கும் நேரத்தில் காதோரம் போயிருக்கும், பார்க்கிறவர்கள் கைதட்டியிருப்பார்கள். இங்கே அது உயர்ந்துகொண்டே இருந்தது. தொடைத் தசை இறுகுவது, மூச்சு வயிற்றில் இறங்குவது, பாதம் வானத்தைப் பார்த்துத் திரும்புவது, எல்லாமே முதல் வரிசையில் இருந்த எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. உழைப்பை மறைத்தால்தான் அழகு என்று பாலே எனக்குச் சொல்லியிருந்தது. உழைப்பே அழகாக நிற்பதை அன்று பார்த்தேன். கடல்காற்றில் வெளியே வந்தபோது, தாம்பரத்துக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்ற வழக்கமான பதற்றம்கூட வரவில்லை. 2006 டிசம்பர் 30 அன்று சந்திரலேகா காலமானார். அவரிடம் பத்து வருஷம் ஆடிய பத்மினி சேத்தூர் இந்த ஊரிலேயே தன் பாதையை வகுத்துக்கொண்டார்.

நடனக் கலைஞர் பிரீத்தி ஆத்ரேயாவின் குதிக்கும் ஆட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பத்துப் பேர் ஒரு சதுரத்துக்குள் குதிக்கிறார்கள். நாம் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறோம். பாலேயில் எம்பும் கணம்தான் எல்லாம். தரையில் இறங்குவது சத்தமில்லாமல், முழங்கால் மடங்கி, யாரும் கவனிக்காதபடி நடந்து முடிந்துவிடும். இங்கே இறங்கும் சத்தம்தான் தாளம். பத்து உடம்பின் எடை தரையில் விழும் ஓசை நம் நாற்காலிக்கால் வழியாக ஏறி வருகிறது.

இன்றைக்கு என் கைப்பேசியில் உலகமே பாலே ஆடுகிறது. 2014இலிருந்து வருஷம் ஒருநாள் உலக பாலே நாள் என்று கொண்டாடி, பெரிய குழுக்கள் தங்கள் காலைப் பயிற்சியை நேரலையாகக் காட்டுகின்றன. ஆட்டத்தைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. வியர்வையில் நனைந்த பனியனும் கம்பளிக் காலுறையுமாக, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து முழங்காலை மடக்கி நிமிர்த்துகிறார்கள். மூலையில் ஒரு பெண் உட்கார்ந்து புது ஷூவுக்கு ரிப்பன் தைக்கிறாள். அந்த ஷூவின் முனை மரமோ இரும்போ அல்ல. துணியும் தாளும் பசையும் அடுக்கடுக்காக வைத்துக் காயவிட்டது, மேலே பட்டுத்துணி. உள்ளங்காலுக்குக் கீழே இருக்கும் விறைப்பான தகட்டைக் கையால் வளைத்து உடைக்கிறாள். சத்தம் வராமலிருக்க முனையைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள். வழுக்காமலிருக்க நுனியைச் சுற்றி நூலால் தைக்கிறாள். முக்கிய பாத்திரத்தில் ஆடுகிறவர்களுக்கு ஒரே ராத்திரியில் ஒரு ஜோடி நைந்துபோய்விடும். என் கணக்கு நோட்டு அட்டையில் இருந்த அந்தக் காலுக்கு அடியில் இத்தனை தையல் இருந்திருக்கிறது.

நவீன பாலே என்று வருவதெல்லாம் எனக்குப் பிடித்துவிடவில்லை. 1987இல் பாரிஸ் ஓபராவுக்காக வில்லியம் ஃபோர்சைத் அமைத்த ‘இன் த மிடில்’ பாலேயை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். உடம்பு சமநிலை தவறி விழப்போகிற இடத்திலிருந்தே அடுத்த அசைவு பிறக்கிறது அதில். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்த பல ஆட்டங்களில் வேகம் மட்டும்தான் மிச்சம். மேடை இருட்டு, உடல் ஒட்டிய உள்ளாடை போன்ற உடை, காலை எவ்வளவு உயரம் வீசலாம் என்ற போட்டி. இருபது நிமிடம் ஆனதும் யார் யாரென்றே தெரியாது. கிரிஸ்டல் பைட் 2017இல் ராயல் பாலேக்குச் செய்த ‘ஃபிளைட் பேட்டர்ன்’ வேறு ஜாதி. முப்பத்தாறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், அகதிகள். மேல்கோட்டைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அறுபதுகளில் பிறந்த எங்களுக்குத் தமிழ்நாட்டில் முகாம் வரிசைகள் புதிதல்ல. அந்தக் கோட்டை மடிக்கும் விதத்தைப் பார்த்து அழுதேன்.

மகன் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் குடியிருந்தபோது போயிருந்தேன். 2019 செப்டம்பரில் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் இங்கிலீஷ் நேஷனல் பாலே, அக்ரம் கானின் ‘ஜிசெல்’லை ஆடியது. என் பிறந்தநாளுக்காக அவன் டிக்கெட் எடுத்திருந்தான். மேல்மாடியில் கடைசிக்கு முந்தின வரிசை. அங்கிருந்து முகங்கள் தெரியாது; கூட்டம் நகரும் வடிவம் முழுதாகத் தெரியும். இந்த ஆட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பழைய ஜிசெல் கதை எனக்கு மனப்பாடம். 1841இல் பாரிஸில் முதலில் ஆடப்பட்டது. திராட்சை அறுவடை நடக்கும் கிராமத்தில் ஆட்டத்தின் மேல் உயிரை வைத்திருக்கும் பெண். குடியானவன் வேஷத்தில் வந்து காதலிக்கும் பிரபு. அவனுக்கு வேறு பெண்ணோடு நிச்சயமாகியிருக்கிறது என்று தெரிந்ததும் மனம் பேதலித்துச் செத்துப்போகிறாள். இரண்டாம் அங்கத்தில் காதலில் ஏமாந்து செத்த பெண்களின் ஆவிகள், ‘விலி’கள், காட்டில் அகப்படும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைக்கின்றன. ஜிசெல் அவனைக் காப்பாற்றி விடுகிறாள்.

வங்கதேசத்துப் பெற்றோருக்கு விம்பிள்டனில் பிறந்து, கதக் கற்று வளர்ந்த அக்ரம் கான், 2016இல் இதை எடுத்தபோது திராட்சைத் தோட்டத்தைத் தூக்கிவிட்டார். ஜிசெல் இப்போது மூடப்பட்ட ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வெளியே தள்ளப்பட்ட புலம்பெயர் தொழிலாளி. டிம் யிப் அமைத்த பிரமாண்டமான சுவர் மேடையின் பின்பக்கத்தை அடைத்து நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் தொழிலாளர்கள், அந்தப் பக்கம் முதலாளிகள். சுவரில் உள்ளங்கைத் தடங்கள். வின்சென்சோ லமான்யாவின் இசையில் 1841ஆம் வருஷத்து மெட்டுகள் இயந்திர இரைச்சலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கின்றன. தொழிலாளர் கூட்டம் முன்னும் பின்னுமாகப் பாய்ந்தபோது மேடையே தறியாக ஓடியது.

மெப்ஸ்தான் நினைவுக்கு வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்தை எங்கள் பக்கத்தில் யாரும் முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செங்கல்பட்டு, மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறும் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை, காலையிலேயே களைத்த கண்கள். சானடோரியத்தில் பெட்டியே காலியாகும். அந்த ரயிலில் நான் வேலைக்குப் போன வருஷங்களெல்லாம் அவர்களோடு தோள் உரசித்தான் நின்றேன். 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, அந்தப் பெட்டியில் யாரோ கைப்பேசியில் படம் காட்ட, பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தது எனக்குத் தெரியும். பாலே பார்க்க ஏழு கடல் தாண்டிப் போன இடத்தில், மேடையில் அவர்கள் இருந்தார்கள்.

முதல் அங்கத்தில் அந்தப் பெண்களின் பாதம் தரையிலேயே இருக்கிறது. இரண்டாம் அங்கத்தில், செத்த பிறகுதான், நுனிக்காலில் எழுகிறார்கள். தலைமுடி முகத்தை மறைக்க, கையில் நீண்ட பிரம்பு. சிலசமயம் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு வருகிறார்கள். வரிசை வரிசையாக அந்த ஷூ முனைகள் தரையைக் குத்தும் சத்தம் மேல்மாடி வரை கேட்டது. பறவை, பனி, பூ என்று பார்த்துப் பழகிய நுனிக்கால் அங்கே கோபமாக மாறியிருந்தது. பாரமற்ற உடம்பு என்று சின்ன வயதில் நான் ஆசைப்பட்டதற்கு அக்ரம் கான் சொன்ன விலை அது: பாரம் போக வேண்டுமென்றால் உயிர் போக வேண்டும். இத்தனை வருஷத்தில் எந்தக் கலைஞரும் பாலேயிடம் இவ்வளவு நேராகக் கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஜிசெல்லைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதில் கிடைத்த விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. ஜிசெல் கதையை யோசித்தவர் தியோபில் கோத்தியே என்ற பிரெஞ்சுக் கவிஞர். அவர் 1838 ஆகஸ்டில் பாரிஸில் தமிழ்நாட்டுத் தேவதாசிகளைப் பார்த்திருக்கிறார். கடலூருக்குப் பக்கத்தில் திருவகீந்திரபுரம், தேவநாதப் பெருமாள் கோயில் ஊர். தர்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் போட்டு, ஐந்து பெண்களையும் மூன்று இசைக்காரர்களையும் கப்பலேற்றினார். பெண்களில் இளையவளுக்கு ஆறே வயது. பாரிஸின் வரியேத்தே அரங்கில் ஆடினார்கள். பிறகு லண்டன் அடெல்ஃபியில். பதினெட்டு வயது அம்மணியைப் பார்த்து மயங்கி கோத்தியே பக்கம் பக்கமாக எழுதினார். சிற்பி ஒகுஸ்த் பார் அவள் ஆடும் நிலையை வெண்கலத்தில் வடித்தார்.

அவர்கள் போவதற்கு எட்டு வருஷம் முன்பே, 1830இல், பாரிஸ் மேடையில் ‘பயதேர்’, அதாவது தேவதாசி, ஆடிவிட்டாள். மரீ தல்யோனி வெள்ளைச் சல்லாத்துணியில் இந்தியத் தாசியாக ஆடினார். உண்மையான பெண்கள் சலங்கையும் கனத்த உடையுமாகப் போய் நின்றபோது, இதுவா அது என்று ஏமாந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் மூன்று வருஷம் கழித்து எழுதிய ஜிசெல் கதையில், விலிகளுக்கு நடுவே இந்தியத் தோரணைகள் காட்டி ஆடும் சுல்மே என்ற பயதேரை கோத்தியே சேர்த்திருக்கிறார். 1877இல் பெத்திபா ரஷ்யாவில் ‘லா பயதேர்’ என்று முழுநீள பாலேயே செய்துவிட்டார். அது இன்றுவரை ஆடப்படுகிறது. சென்னையில் பிறந்து லண்டனில் நடனக் குழு நடத்தும் ஷோபனா ஜெயசிங், 2015இல் ராயல் ஓபரா ஹவுஸின் சின்ன அரங்கில் ‘பயதேர்: ஒன்பதாவது வாழ்வு’ என்று ஒரு படைப்பை மேடையேற்றினார். 1838இல் போன அந்தப் பெண்களையும் கோத்தியே அவர்களைப் பார்த்த பார்வையையும் எடுத்து மேடையில் வைத்துக் கேள்வி கேட்கிறது அது. பாவ்லோவா ருக்மிணி தேவிக்குச் சொன்ன யோசனைக்கு, கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து, நம்மூரிலிருந்து போன பதில் இதுவே என்று நினைக்கிறேன்.

பீர்க்கன்கரணை இப்போது பேரூராட்சி இல்லை. 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. புல் அறுத்த இடமெல்லாம் மூன்று மாடி, நான்கு மாடி. எங்கள் கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண் திருவண்ணாமலைப் பக்கம். மெப்ஸில் தையல் லைனில் இருக்கிறாள். அக்ரம் கானின் ஜிசெல்லை முழுதாகப் படம்பிடித்து வெளியிட்டிருக்கிறார்கள். மகன் அதை டிவியில் பார்க்க ஏற்பாடு செய்து தந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளையும் அவள் பெண்ணையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டேன்.

“கதை சொல்லட்டுமாம்மா?”

“வேணாம் டீச்சர். பாக்கறேன்.”

தறியாக ஓடும் கூட்டம் வந்தது. அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “லைன்ல ஒருத்தி கை நின்னுச்சுன்னா அடுத்தவளுக்குப் பீஸ் வராது, முன்னாடி இருக்கறவகிட்ட குமிஞ்சிரும். அதான் இவங்க ஒருத்தர் மூச்ச ஒருத்தர் பாத்துக்கிட்டே ஆடறாங்க” என்றாள். லண்டன் பத்திரிகை விமரிசனங்கள் எத்தனையோ படித்தேன். இதை ஒருவரும் எழுதவில்லை. சுவர் தூக்கி முதலாளிகள் தகதகவென்று உடுத்திக்கொண்டு நின்றபோது, அவள் அந்த உடைகளைத்தான் பார்த்தாள். “அந்தப் பாவாடைக்கே எத்தன பேரு கை பட்டிருக்கும். தெச்சவங்கதான் இந்தப் பக்கம் நிக்கறாங்களா?”

“ஆமாம்மா.”

நடுவில் காபி போட எழுந்தபோது திருவகீந்திரபுரத்துக் கதையைச் சொன்னேன். ஆறு வயதுக் குழந்தை என்றதும் தன் பெண்ணைப் பார்த்தாள். இரண்டாம் அங்கத்தில் பிரம்போடு விலிகள் வந்தபோது கால்களையே கவனித்தாள். செக்கிங்கில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு ராத்திரி கால் எப்படி வீங்கும் என்று சொன்னாள். அந்த ஷூவுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன். பசைதானா என்று திரும்பக் கேட்டாள்.

முடிவைத்தான் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “எதுக்கு டீச்சர் அவன விட்டுட்டா? அந்த ஆள் பண்ணதுக்கு.”

பழிக்குப் பழி என்று போய்க்கொண்டே இருந்தால் அதற்கு முடிவு வேண்டாமா, அவள் அந்தச் சங்கிலியை அறுக்கிறாள் என்றேன். நான் அப்படித்தான் நம்புகிறேன். அவள் ஒப்பவில்லை. “அவனாச்சும் திரும்பி வந்து அழுதான். அந்தப் பெரிய ஆளுங்க? சுவத்துக்கு அந்தாண்ட போனவங்கதான, அப்பறம் வரவே இல்லியே.” நான் அக்ரம் கானுக்காக வாதாடினேன், ஒரு ஆட்டம் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றேன். அவள் தலையாட்டினாள், ஏற்றுக்கொண்டு அல்ல. இந்தச் சண்டை எங்களுக்குள் இன்னும் ஓடுகிறது. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பதால்தான் எனக்கும் அதை விட மனமில்லை.

அடுத்த லீவுக்குப் பழைய ஜிசெல்லையும் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறாள். “அதுல நம்ம ஊர்ப் பொண்ணு வருவாளா? நீங்க சொன்னீங்களே.”

இப்போது ஆடுவதில் இந்தியத் தோரணை எதுவும் கிடையாது, சுல்மேவும் மற்ற விலிகள் மாதிரியே வெள்ளை உடையில்தான் வருகிறாள் என்றேன்.

“பேரு?”

“பேர் இருக்கு. சுல்மே, சில குழுக்கள் சுல்மான்னும் போடுவாங்க.”

“அப்ப அவ வரப்போ நிறுத்திக் காட்டுங்க டீச்சர். பாப்பாவும் பாக்கட்டும்.”